பெயரைச் சொல்லிப் பாடியவர்கள்

மலை ஏறுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். அடிவாரத்தில் ஒரு பாறையின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறவர்களைப் பார்த்து, "ஜாக்கிரதை, வழுக்கும்!" என்று சொல்லுகிற வயது வந்திருக்கிறது. அந்த உத்தியோகத்தைப் பார்ப்பதற்காகத்தான் சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்திக்குப் போயிருந்தேன். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலை காலை நீட்டிப் படுத்திருக்கிற இடம் அது. 1967-ல் ஏற்படுத்திய சிறிய மிருகக்காட்சிசாலை ஒன்று அங்கே இருக்கிறது. அதைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்தால் அருவி. மழைக்காலத்தில்தான் அதை அருவி என்று சொல்ல வேண்டும். மற்ற மாதங்களில் பாறைக்கு வியர்ப்பதுபோல் இருக்கும். நான் போனபோது நல்ல தண்ணீர்.

என்னுடன் வந்தவன் அண்ணன் மகன். என்ஜினீயரிங் படிக்கிறான். அவன் வயதுப் பிள்ளைகள் மலைக்கு வந்தால் மலையின் சத்தம் போதாது. உள்ளங்கை அளவில் ஒரு ஒலிபெருக்கியை எடுத்துப் பாறையின்மேல் வைத்தான். அதிலிருந்து கிளம்பிய ஓசையைக் கேட்டு, மரத்தில் இருந்த குரங்கு ஒன்று என்னைப் பார்த்தது. நான் குரங்கைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. நல்ல வேளையாக வனக்காவலர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். "தம்பி, காட்டுல பாட்டு போடக் கூடாது. நிறுத்திடுங்க" என்றார். நிறுத்திவிட்டான். ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை.

"சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க. ஒரு காதுல நீங்க கேளுங்க, ஒரு காதுல நான் கேக்கறேன்" என்று சொல்லி, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருவியை என் வலது காதில் செருகிவிட்டான். இடது காதில் அருவி. வலது காதில் ஜெர்மனி.

இந்தச் சங்கீதத்துக்கு 'ஹெவி மெட்டல்' என்று பெயர். கனமான உலோகம்! பாத்திரக்கடையில் பூனை புகுந்த கதை உங்களுக்கு ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் பெயர் தற்செயலாகப் பொருந்தியது அல்ல. இது பிறந்த இடமே இரும்பு அடிக்கிற ஊர். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துப் பட்டறைப் பையன்கள் 1970-ல் இதைத் தொடங்கினார்கள். அவர்களில் கிதார் வாசித்தவர் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தபோது வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை யந்திரத்துக்குக் கொடுத்தவர். அந்த ஓசை பிற்பாடு ஜெர்மனிக்குப் போய், எஃகு ஆலைகள் நிறைந்த ரூர் பிரதேசத்துக்குப் பக்கத்திலே வேர்விட்டது. எதற்குச் சொல்லுகிறேன் என்றால், உலைக்களத்தின் அருகில் வளர்ந்தவர்களுக்குத் தம்பூராவின் சுருதி காதில் விழாது. அவர்களுடைய சுருதி வேறு.

முதல் இரண்டு நிமிஷம் என் காது பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். மூன்றாவது நிமிஷத்தில் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை இடி முழக்கத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், கொஞ்சங்கூடப் பயப்படாமல், அதன்மேல் ஏறி நின்றுகொண்டு பாடுகிறது! திருவிழாவில் நான்கு தவில்களுக்கு மேலே நாகஸ்வரம் போகிறதே, அந்த மாதிரி. குரலில் சற்றுக் கரகரப்பு உண்டு. மென்மை இல்லை என்று நினைத்தேன். நடுவில் 'பியாண்ட் தி ட்ரீஸ்', அதாவது மரங்களுக்கு அப்பால், என்று ஒரு சின்னப் பாட்டு வந்தது. அதில் அதே குரல் தணிந்து குழைந்தபோது அந்த நினைப்பையும் மாற்றிக்கொண்டேன்.

"யாருடா இது?" என்று கேட்டேன்.

"டோரோ பெஷ். 1989-ல வந்தது சித்தப்பா. இதை யாரும் சரியாக் கேக்கலை. பாவம், இவங்க பேரையே புடுங்கிட்டாங்க."

பெயரைப் பிடுங்கிவிட்டார்களா? நகையைப் பிடுங்குவார்கள், நிலத்தைப் பிடுங்குவார்கள்; பெயரை எப்படிப் பிடுங்குவது? விசாரித்தேன். கதை ருசியாக இருந்தது.

டோரோ பெஷ் 1964-ல் ஜெர்மனியில் டூஸ்ஸல்டார்ஃப் நகரத்தில் பிறந்தவர். 1982-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கோஷ்டி அமைத்தார். 'வார்லாக்' என்று பெயர். சூனியக்காரன் என்று அர்த்தம். பாடுகிறவர் பெண், பெயர் மட்டும் ஆண்! 1984-ல் முதல் இசைத்தட்டு. 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தில் டானிங்டன் மைதானத்தில் நடந்த பெருவிழாவில் ஒரு கோஷ்டிக்குத் தலைமை தாங்கிப் பாடினார். அந்த மேடையில் அப்படி நின்ற முதல் பெண் அவர்தான் என்கிறார்கள். 1987-ல் வெளிவந்த 'ட்ரையம்ஃப் அண்ட் அகொனி' எங்கும் பரவியது. இதற்குள் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விலகிப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் அவர் ஒருவர். அந்தச் சமயம் பார்த்து, கோஷ்டியின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது. பெயர், முன்பு நிர்வாகியாக இருந்தவர் பக்கம் போய்விட்டது. பாடியவருக்குக் குரல் மட்டும் மிஞ்சியது.

அடுத்த தட்டு 1989-ல் 'டோரோ' என்று அவர் சொந்தப் பெயரிலேயே வெளிவந்தது. 'ஃபோர்ஸ் மஜூர்' என்று அதற்குத் தலைப்பு. மனிதன் கைக்கு மீறிய சம்பவம் நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்காக வக்கீல்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதுகிற சொல் அது. பத்திரத்தால் அடிபட்டவர் பத்திரத்திலிருந்தே தலைப்பை எடுத்திருக்கிறார்! உள்ளே 'ஐ ஆம் வாட் ஐ ஆம்' என்று ஒரு பாட்டு. நான் நான்தான் என்கிறார். ரசிகர்கள் கடையில் வார்லாக்கைத் தேடினார்கள். டோரோ என்ற பெயரைத் தாண்டிப் போனார்கள். அதுதான் அந்தத் தட்டுக்கு வந்த விதி. அந்தப் பழைய பெயரின் உரிமை 2011-ல்தான் அவருக்குத் திரும்பிக் கிடைத்தது. என் காதுக்கு, பேர்போன 1987-ம் வருஷத் தட்டைவிட இந்த அனாதைத் தட்டில்தான் குரல் அதிகம் தெரிகிறது. மற்றவர் தயவு இல்லை என்று ஆனபிறகு பாடுகிற பாட்டுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. என் காது இந்த விஷயத்தில் மூன்று மணி நேரத்து அனுபவம் மட்டுமே உள்ள காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்குள் என் மனசு அமிர்தியை விட்டு, டூஸ்ஸல்டார்ஃபையும் விட்டு, எங்கோ போய்விட்டது. ஜெர்மனி, இசைத்தட்டு, பெண் குரல், பெயர். இந்த நாலும் ஒன்றாகச் சேர்ந்து இதற்கு முன்பும் ஒரு தடவை நம் வாசலுக்கே வந்திருக்கின்றன. டோரோவுக்கு எண்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால். வந்ததை நாம் வாங்கிக் கேட்டோம். பிறகு பரண்மேல் போட்டுவிட்டோம்.

கிராமபோன் தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர், 1851-ல் ஜெர்மனியில் ஹானோவரில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் அமெரிக்காவுக்குக் குடியேறி, 1887-ல் தம் யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தட்டு அடிக்கும் ஆலை வைக்கவேண்டும் என்று வந்தபோது பிறந்த ஊர் நினைவு வந்தது. சகோதரர்களுடன் சேர்ந்து 1898-ல் ஹானோவரில் ஆலை ஆரம்பித்தார். ஆகவே, 1902-ல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் பிரதிநிதியாக ஃப்ரெட் கைஸ்பர்க் என்ற இளைஞர் கல்கத்தாவில் வந்து இறங்கிப் பாட்டுப் பதிவு செய்தபோது, அந்தப் பாட்டு கப்பலேறி ஜெர்மனிக்குப் போய்த்தான் தட்டாகத் திரும்ப வேண்டியிருந்தது. கல்கத்தாவில் ஸீல்டாவில் ஆலை வந்தது 1908-ல். அதுவரையில் நம் நாட்டுத் தட்டுச் சங்கீதம் பெரும்பாலும் ஹானோவரில் பிரசவமான குழந்தைதான்.

பதிவு எப்படி நடந்தது என்று தெரிந்தால் அந்தப் பெண்களின்மேல் உங்களுக்கு மரியாதை பிறக்கும். மின்சாரம் கிடையாது, மைக் கிடையாது. அவையெல்லாம் 1925-க்குப் பிறகு வந்த வசதிகள். ஒரு பெரிய தகரக் கொம்பு இருக்கும். அதன் வாய்க்குள் ஏறக்குறைய முகத்தை நுழைத்துக்கொண்டு பாடவேண்டும். உச்சஸ்தாயிக்குப் போகும்போது தலையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி துள்ளிவிடும். கீழே இறங்கும்போது மறுபடி முன்னால் போகவேண்டும். கையில் தாளம், கண்ணில் கடிகாரம். பத்து அங்குலத் தட்டு என்றால் மூன்று நிமிஷம். நான்கு மணி நேரக் கச்சேரி செய்கிறவர்களுக்கு மூன்று நிமிஷம்! ராகம் ஒரு கோடு, பல்லவி ஒரு கோடு, நாலு ஸ்வரம், முடிந்தது. தபாலட்டையில் பாரதம் எழுதுகிற வேலை.

கொம்பின் மறுமுனையில் ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மெழுகுத் தட்டைப் பெட்டியில் வைத்து ஹானோவருக்கு அனுப்புவார்கள். அங்கே அதன்மேல் மின்சார முறையில் செம்பு பூசி, உரித்தெடுத்து, அந்தச் செம்பு அச்சைக் கொண்டு தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். பாட்டு உலோகமாகிறது, உலோகத்திலிருந்து மறுபடி பாட்டாகிறது. கன உலோக சங்கீதம் என்ற பெயரை நம்முடைய பாட்டிமார்களுக்கும் கொடுக்கலாம்!

அந்தத் தட்டுகள் எதனால் ஆனவை தெரியுமா? அரக்கு. கல்பொடியும் கரியும் சேர்த்த அரக்கு. அந்த அரக்கும் நம்முடையதுதான். சோட்டா நாகபுரிக் காடுகளில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒரு சின்னப் பூச்சி கக்கி வைக்கிற பிசின். அதை மலைவாசிகள் சுரண்டிக் கொடுக்க, அது கப்பலேறிப் போகும். சென்னையில் பாடிய குரல் வேறு கப்பலில் போகும். இரண்டும் ஹானோவரில் ஒன்றாகி, கறுப்புத் தட்டாகித் திரும்பி வரும். கடைக்காரர் அதைச் சீமைச் சரக்கு என்று விலை சொல்லுவார்.

இங்கேதான் பெயர் விஷயம் வருகிறது. ஹானோவர் ஆலையில் வேலை செய்த ஜெர்மானியருக்கு நம் பாஷைகளும் தெரியாது, நம் பாடகர்களையும் தெரியாது. பெட்டியில் வந்த நூறு மெழுகுத் தட்டுகளில் எது யார் பாடியது? ஒட்டுகிற காகிதத்தில் யார் பெயரை அச்சடிப்பது? இதற்காக ஒரு தந்திரம் செய்தார்கள். பாட்டு முடிந்த உடனே பாடியவரே உரத்த குரலில் தம் பெயரைச் சொல்லிவிட வேண்டும். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், கடைசி ஸ்வரத்தின் மூச்சு அடங்குவதற்குள், இங்கிலீஷில், "என் பெயர் கௌஹர் ஜான்" என்று வெடுக்கென்று சொல்லி முடிப்பதை இன்றைக்கும் கேட்கலாம். அவருக்கு வீட்டில் இட்ட பெயர் ஆஞ்செலினா. அதை விட்டு வேறொரு பெயரை ஏற்று, அதைத் தாமே உலகத்துக்குப் பறைசாற்றினார். கடைசியில் மைசூரில் அரண்மனை ஆதரவில் வந்து தங்கி, 1930-ல் அங்கேயே காலமானார்.

நம் பக்கத்தில் பாட வந்தவர்கள் யார்? பெரிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். யந்திரம் குரலை உறிஞ்சிவிடும் என்று ஒரு பயம். கண்ட கண்ட இடத்தில், காபி கிளப்பிலே, நாவிதர் கடையிலே, தியாகராஜருடைய கீர்த்தனம் ஒலிப்பதா என்று ஒரு கௌரவம். மூன்று நிமிஷத்தில் என்னத்தைப் பாடுவது என்று நியாயமான ஒரு கேள்வி. இந்த மூன்றும் சேர்ந்து அவர்களை வீட்டில் உட்கார வைத்தன. துணிந்து கொம்புக்கு முன்னால் வந்தவர்களில் முன்வரிசை தேவதாசிக் குலத்துப் பெண்கள். சேலம் கோதாவரி, காஞ்சீபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள். பாருங்கள், எல்லாப் பெயருக்கும் முன்னால் ஓர் ஊர். மற்ற வீட்டுப் பெண்ணுக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்து உண்டு. இவர்களுக்கு அந்த இடத்தில் ஊர் உட்கார்ந்துகொண்டது. ஊர் பேரைக் காப்பாற்றினார்கள். ஊர் அவர்கள் பேரைக் காப்பாற்றியதா என்பது வேறு விஷயம்.

தனகோடி அம்மாளின் சகோதரி பிள்ளைதான் காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை. லயத்தில் சிங்கம். அவர் தட்டுக் கொடுக்க மறுத்துவிட்டார் என்பார்கள். குரலைத் தட்டில் விட்டுப் போகாத நாயனாப் பிள்ளையின் பெயர் இன்றைக்கும் சங்கீத விமர்சகர்களின் நாவில் இருக்கிறது. அந்த அம்மாளின் பெயரைத் தேடித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தட்டு வியாபாரம் நன்றாக நடப்பதைப் பார்த்து மற்ற ஜெர்மன் கம்பெனிகளும் வந்து சேர்ந்தன. பெர்லினிலிருந்து 'பேகா' கம்பெனியின் ஹைன்ரிச் பும்ப் 1905-லும் 1906-லும் கொம்பும் மெழுகுமாகக் கீழைத்தேசங்களைச் சுற்றி, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்துபோனார். 'ஓடியன்' கம்பெனி இன்னும் கெட்டிக்காரத்தனமாக, 1904-ல் தட்டின் இரண்டு பக்கமும் பாட்டை வைத்து விற்றது. ஒரு பக்கம் மட்டும் பாடுகிற தட்டை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இது தோசையைத் திருப்பிப் போட்டதுபோல் ஆனந்தமாக இருந்திருக்கும். 1914-ல் யுத்தம் வந்தது. ஜெர்மன் சரக்குக்குத் துறைமுகக் கதவு சாத்தப்பட்டது. அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

இப்போது ஒரே ஒரு தட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இது ஜெர்மன் கம்பெனியின் தட்டு அல்ல; பெர்லினர் வழிவந்த லண்டன் கிராமபோன் கம்பெனியுடையது. பாடியவர் கோயம்புத்தூர் தாயி. 1872-ல் பிறந்தவர். இயற்பெயர் பழனிக்குஞ்சரம். பாட்டு, வள்ளலாரின் அருட்பா. ராகமாலிகையாகப் பாடியிருக்கிறார்.

அருட்பாவை அந்தக் காலத்தில் ஒருவர் பாடுவது சாதாரணக் காரியம் அல்ல. ராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் 1867-ல் அச்சாகி வெளிவந்தபோது, இது அருட்பாவே அல்ல, மருட்பா என்று ஆறுமுக நாவலர் பக்கத்தார் கிளம்பினார்கள். கண்டனத்துக்கு மேல் கண்டனம் அச்சாயிற்று. 1869-ல் விவகாரம் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. சுவாமிகள் 1874-ல் சித்தி அடைந்த பிறகும் துண்டுப் பிரசுர யுத்தம் ஓயவில்லை. பண்டிதர்கள் இப்படி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்த வேளையில், ஒரு தாசி குலத்துப் பெண்மணி தகரக் கொம்பின் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாட்டை ராகம் ராகமாக மாற்றிப் பாடி வைத்துவிட்டுப் போய்விட்டார். மதுர வாதம் என்றால் இதுதான் போலும்!

1912-ல் பாரிஸ் நகரத்திலிருந்து மௌரிஸ் டெலாஜ் என்ற இளைஞர் இந்தியாவுக்கு வந்தார். தகப்பனார் பூட்ஸ் பாலிஷ் தயாரித்துப் பணக்காரர் ஆனவர். குடும்பப் பிரயாணம். பிள்ளைக்குப் பாலிஷில் நாட்டம் இல்லை, சங்கீதத்தில் பைத்தியம். ரவெல் என்ற பெரிய பிரெஞ்சு சங்கீத மேதையின் சிஷ்யர். அவர் இங்கே வாங்கிய கிராமபோன் தட்டுகளில் தாயியின் தட்டும் இருந்தது.

அந்தக் குரல் அவரை என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அவர் பிற்பாடு செய்த வேலையைக் கொண்டு ஊகிக்கலாம். நம் பாட்டைக் கேட்ட வெள்ளைக்காரர் அநேகர் செய்தது, இங்கொரு மணி ஓசை, அங்கொரு பாம்பாட்டி மகுடி என்று சேர்த்துக் கீழைத்தேச வாசனை ஏற்றுவதுதான். டெலாஜ் அப்படிச் செய்யவில்லை. 'ராகமாலிகா' என்றே பெயர் வைத்து, தாயி பாடியதை ஏறக்குறைய அப்படியே, தமிழ்ச் சொற்களுடன், பியானோ பக்கவாத்தியத்தோடு எழுதி வைத்தார். ஓரிடத்தில் அவருக்குச் சிக்கல் வந்தது. நம் தோல்வாத்தியத்தின் அந்த மங்கிய நாதம் பியானோவில் பிறக்கவில்லை. பளிச்சென்று கண்ணாடிபோல் ஒலிக்கிற வாத்தியம் அது. என்ன செய்தார்? பியானோவைத் திறந்து, கீழ் ஸ்தாயியில் குறிப்பிட்ட ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகச் சொல்லிக் குறிப்பு எழுதிவிட்டார். அமெரிக்காவில் ஜான் கேஜ் என்பவர் 1940-ஐ ஒட்டிப் பியானோவின் தந்திகளில் திருகாணியும் ரப்பருமாகச் செருகி உலகப் புகழ் பெற்றார். அதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே அந்த வழியில் முதல் அட்டையைச் செருக வைத்தது கோயம்புத்தூர் தாயியின் தட்டு!

இந்திய யாத்திரையின் நினைவாக டெலாஜ் எழுதிய வேறு நான்கு பாடல்கள் 1914 ஜனவரி 14-ந் தேதி பாரிஸில் அரங்கேறின. அவற்றில் முதலாவதன் பெயர் 'மதராஸ்'. அதே மேடையில் அன்றைக்கு ரவெலின் புதிய பாடல்களும் ஸ்ட்ராவின்ஸ்கியின் புதிய பாடல்களும் அரங்கேறின. ஐரோப்பிய சங்கீத சரித்திரம் எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடுகிற இரவு அது. டெலாஜின் பாடகி, வார்த்தைகளை விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வெறும் நாதமாகக் குரலை உருட்ட வேண்டிய இடம் அந்தப் பாடல்களில் வருகிறது. நம் ஆலாபனையை எண்ணித்தான் அப்படி எழுதினார். கன தனவான்கள் அமர்ந்திருந்த அந்தப் பாரிஸ் மண்டபத்தையும் தகரக் கொம்புக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன்.

1917-ல் தாயி காலமானார். வயது நாற்பத்தைந்து. டெலாஜ் என்ற ஒருவரைப் பற்றியோ பாரிஸ் பியானோவில் செருகிய அட்டையைப் பற்றியோ அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவை. 1928-ல் சென்னையில் மியூசிக் அகாடமி வந்தது. நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடை ஏறினார்கள்; ஏறியது நல்லதுதான். 1947-ல் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டுவதைச் சென்னைச் சட்டசபை சட்டத்தால் ஒழித்தது. ஒழித்ததும் நியாயமே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் அதற்காகப் பட்ட பாடு வீணல்ல. ஆனால் வழக்கத்தை ஒழித்த வேகத்தில் அந்த வழக்கத்துக்குப் பலியான பெண்களின் பாட்டையும் சேர்த்து ஒழித்துவிட்டோம். அது சட்டத்தின் குற்றமல்ல. நம் சங்கோசத்தின் குற்றம். தாத்தா ஆசையோடு வாங்கிய தட்டைப் பேரன் வெட்கத்தோடு மறைத்தான். கொள்ளுப்பேரன் பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போட்டான். அரக்குத் தட்டுக்கு எடையில் என்ன கிடைக்கும்? கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்குகிற சாமான். நாகரத்தினம்மாள் ஒருவர் மட்டும் தம் சொத்தையெல்லாம் கொட்டித் திருவையாற்றில் தியாகராஜருக்கு ஆலயம் எழுப்பி, அந்தக் கல்லின்மேல் தம் பெயரையும் காப்பாற்றிக்கொண்டார்.

ஜெர்மன் ஓடியன் கம்பெனி மறுபடி ஒருமுறை நம் ஊருக்கு வந்தது. 1930-களின் தொடக்கத்தில் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' என்று கடை வைத்து, ஓடியன் தட்டுகளைத் தயாரித்து விற்றார். ஏவிஎம் படங்களின் பிள்ளையார் சுழி அந்தக் கடை. அதற்குள் மைக் வந்துவிட்டது. புதிய குரல்கள் வந்துவிட்டன. கொம்புக் காலத்துப் பெண்களைக் கேட்க ஆள் இல்லை.

ஜெர்மன் சாமான் என்றால் ஜவ்வாது மலைக்கும் புதிது அல்ல என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. இதே மலையின் மறுபக்கம், காவலூர் வானியல் ஆராய்ச்சிக் கூடத்தில், யேனா நகரத்து ஸைஸ் கம்பெனியின் ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-ல் நிறுவப்பட்டது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்ற சங்கதி வெளிவந்த 1977 மார்ச் 10-ந் தேதி இரவு, அந்தக் கருவியும் அதே நட்சத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அருவிக்கரையில் இதை அண்ணன் மகனுக்குச் சொன்னேன். ஹானோவரைச் சொன்னேன். பெயர் சொல்லும் வழக்கத்தைச் சொன்னேன். பையன் கேட்டுக்கொண்டே ஈரத் துண்டைப் பிழிந்தான்.

வெயில் தாழ்ந்து, வேலூர் பஸ்ஸுக்காக மிருகக்காட்சிசாலை வாசலில் புளியமரத்தடியில் நின்றோம். பையன் தன் டெலிபோனில் விரலை ஓட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"இந்த அம்மாதானே சித்தப்பா?" என்றான்.

தட்டுச் சேகரிக்கும் புண்ணியவான் யாரோ தாயியின் தட்டு ஒன்றைப் பாதுகாத்து, எல்லோரும் கேட்கும்படி ஏற்றி வைத்திருக்கிறார். மறுபடி ஆளுக்கொரு காது. முதலில் கீறல் சத்தம், இடைவிடாத மழைபோல. அதைக் கிழித்துக்கொண்டு குரல் எழுந்தது. மெல்லிய, ஆனால் கூர்மையான குரல். நகாசு வேலைக்காரன் உளிபோல் வெடுக் வெடுக்கென்று விழுகிற பிருகா. கொம்புக்காக ஏற்றிப் பாடிய சுருதி. மூன்று நிமிஷத்துக்காக விரட்டிய காலப்பிரமாணம். இத்தனை அவசரத்திலும் ஒரு ஸ்வரம் நசுங்கவில்லை. வயதான காது எனக்கு, கண் கலங்கிவிட்டது. பையன் பக்கம் திரும்பவில்லை. அவன் என்ன நினைத்தான் என்று கேட்கவும் இல்லை. மூன்று நிமிஷமும் அவன் கை காதைவிட்டு எடுபடவில்லை என்பதைமட்டும் கவனித்தேன்.

பாட்டு முடிந்தது. டெலிபோனில் எதையோ எழுதத் தொடங்கினான். டோரோவை வைத்திருக்கிற அதே பட்டியல்.

"பேர் என்ன சொன்னீங்க?"

"கோயம்புத்தூர் தாயி."

"அது எல்லாரும் கூப்புட்டது. நிஜப் பேரு?"

"பழனிக்குஞ்சரம்."

எழுதினான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"குஞ்சரத்துக்குப் பெரிய றவா, சின்ன ரவா சித்தப்பா?"

"சின்ன ர" என்றேன். பஸ் வந்துவிட்டது.